மூடாத வால்வு

பாப்பா படுக்கிற அறையின் சுவர் மூச்சு விடுகிறது என்று மனைவி சொன்னதும் குழாய்க்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவருக்குள் தண்ணீர் கசியும் இடத்தைக் காதால் கேட்டே கண்டுபிடிப்பதுதான் அவர் பிழைப்பு. பேய், பிசாசு என்று அலறியடித்துக் கூப்பிட்ட வீடுகளில் எல்லாம் ஓட்டைக் குழாயைக் காட்டிவிட்டு வந்தவர். பெற்ற தாயே சொன்னாலும் சோதித்துப் பார்க்காமல் நம்புகிற ஆளில்லை.

கூடத்துப் பக்கமிருந்து இரும்புக் கம்பியைச் சுவரில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தார். ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது. உள்ளே, இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, விட்டு, திரும்ப இழுத்து, அசந்து தூங்குகிறவர் மூச்சைப் போல ஓர் ஓசை நிதானமாக வந்துகொண்டிருந்தது.

"நான் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போறேங்க."

"பொறு. வால்வை மூடுறேன். சத்தம் நின்னா தண்ணி. நிக்கலேன்னா நானே கொண்டுபோய் விடுறேன், போதுமா?"

பின்பக்கம் போய் மூடிவிட்டு வந்தார். சத்தம் நின்றிருந்தது.

"பாத்தியா? வெறும் தண்ணி."

மனைவி அரை மனதாகப் பாப்பாவை அந்த அறையிலேயே படுக்கவைத்து, கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

வால்வையும் பின்பக்கக் குழாயையும் திறந்துவிட்டு வந்தார். சத்தம் திரும்ப வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மண்டைக்குள் ஒரு குடைச்சல். ஒரு தடவை நின்றது தற்செயலாகவும் இருக்கலாமே? மூடாமலே, மூடியதாகச் சொல்லிப் பார்த்தால்தானே தெரியும்?

நின்ற இடத்தை விட்டு நகராமல், சுவரைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

"இதோ, மூடிட்டேன்."

சத்தம் நின்றது.

பின்பக்கக் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

அது தண்ணீர் இல்லை. அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. தண்ணீர் என்று அவர் நம்பவேண்டும் என்றே மூச்சை அடக்குகிறது. எதையும் நம்பாத மனிதர், நம்பிவிட்டார். நம்பி, பிள்ளையை உள்ளே விட்டுவிட்டார்.

கதவைத் தள்ளினார். திரை போட்டிருந்ததால் மங்கலான வெளிச்சம். கட்டிலில் தலை வரை இழுத்துப் போர்த்திய சின்ன உருவம். போர்வை ஏறியது. இறங்கியது. அப்பாடா. தூக்கிக்கொள்ளக் கை நீட்டினார்.

"அப்பா."

பாப்பாவின் குரல்தான். சுவருக்குள்ளிருந்து.

"இங்க இருட்டா இருக்குப்பா."

கை அந்தரத்தில் நின்றது. போர்வைக்குள் இருந்தது, மெல்ல, அவர் பக்கமாகப் புரண்டு படுத்தது.