மூன்றாம் எதிரி

சனிக்கிழமை காலை மேற்குத் தாம்பரத்தில் ஜஹானாராவின் வீட்டுக் கதவைத் தட்டிய தாயும் மகளும் செருப்பைக் கழற்றும்போதே அழுதுவிடுவார்கள் போலிருந்தது. கதவைத் திறந்தவன் யாசீன். தன் செல்போன் கடையை மனைவி தலையில் கட்டிவிட்டு, அக்கா போகும் இடத்துக்கெல்லாம் ஸ்கூட்டர் ஓட்டுவதையே உத்தியோகமாக வைத்திருக்கும் நாற்பத்திரண்டு வயது ஆசாமி. ஜஹானாரா காவல்துறை அலுவலகத்தில் முப்பது வருடம் வழக்குக் கோப்புகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். சிக்கல் என்று வருகிறவர்களுக்கு இப்போதும் வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"செம்பாக்கத்துலருந்து வர்றோம் மேடம். என் பேரு கிளியம்மாள். இவ அனுப்பிரியா. மூணு வருஷம் விடாம பரீட்சை எழுதி டாக்டர் சீட்டு வாங்கினா. இப்போ இவ கிரிமினலாம்."

அனுப்பிரியா ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினாள். "எங்க காலேஜ்ல சேர்ற எல்லார் பேர்லயும் போலீஸ் கேஸ் இருக்கான்னு ஒரு கம்பெனி மூலமா பாக்குறாங்க மேடம். என் பேர்ல ஒரு எஃப்.ஐ.ஆர். இருக்காம். எனக்கே தெரியாது. திங்கட்கிழமை நாலு மணிக்குள்ள ஆதாரத்தோட விளக்கம் குடுக்கணும். இல்லன்னா சீட்டு கேன்சல்."

ஜஹானாரா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். யாசீன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். மூன்று வருடத்துக்கு முன், ஜூலை பன்னிரண்டில் பதிவான வழக்கு. புகார் கொடுத்தவர் சுப்பராயலு. காம்பவுண்டுச் சுவர்த் தகராறு. எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், என்று மூன்று பெயர்கள். முதல் எதிரி ஜெயவேலு, அசிங்கமாகத் திட்டினார். இரண்டாம் எதிரி கிளியம்மாள், அவரும் திட்டினார். மூன்றாம் எதிரி அனுப்பிரியா, வயது பதினெட்டு, இரும்புக் கம்பியால் தலையில் அடித்தார்.

"சுப்பராயலு யாரு?"

"என் வூட்டுக்காரரோட அண்ணன். பக்கத்து வூடுதான். அந்த மனுஷன்தான் மேடம் எழுதிக் குடுத்திருக்கான். அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் ஊர்லயே இல்ல. இவ நாமக்கல்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சா. உடம்பு சரியில்லன்னு நானும் போயிருந்தேன். திரும்பி வந்தப்போ அண்ணன் தம்பிக்குள்ள கைகலப்பு, சமாதானமாப் போச்சுன்னு இவங்கப்பா சொன்னாரு. நானும் விட்டுட்டேன்."

"ஹாஸ்டல்ல கையெழுத்து ரிஜிஸ்டர் இருக்குமே?"

"அந்தக் கோச்சிங் சென்டரை மூடி ரெண்டு வருஷம் ஆச்சு மேடம்," என்றாள் அனுப்பிரியா.

"வீட்ல வேற யாரு?"

"என் பையன் சக்திவேல். மறைமலை நகர்ல கம்பெனில இருக்கான். தங்கமான வேலை. அந்த வருஷம் ஆகஸ்ட்லதான் சேந்தான். அதுவரைக்கும் வூட்லதான் இருந்தான்."

யாசீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அக்கா, இதுல என்ன யோசனை? பெரியப்பாவுக்கு வயித்தெரிச்சல். தம்பி பொண்ணு முன்னுக்கு வந்துடக்கூடாதுன்னு பேரைச் சேத்துட்டான்."

"மூணு வருஷத்துக்கு முன்னாடியே இவ டாக்டராவான்னு அவருக்கு ஜோசியம் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு ஜஹானாரா கிளியம்மாள் பக்கம் திரும்பினார். "சுப்பராயலுவுக்குப் பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு, ஓவியா. இவளும் அவளும் ஒரே ஆஸ்பத்திரில நாலு நாள் வித்தியாசத்துல பொறந்தாங்க. சின்னதுல ஒட்டிக்கினே திரிவாங்க. ஸ்கூல்ல மட்டும் அவ ஒரு கிளாஸ் கீழ."

ஜஹானாரா அதற்குமேல் கேட்கவில்லை. தாளில் ஏதோ எழுதி அடிக்கோடு போட்டார். என்னவென்று கேட்டால் சொல்லமாட்டார் என்பது யாசீனுக்குத் தெரியும். கேட்டான். அவர் சொல்லவில்லை.

மாலையில் செம்பாக்கம் ஏரிக்கரை வழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். முன்பு ஒரே வயலாக இருந்த இடத்தில் இப்போது இரண்டு மாடி வீடுகள் முறைத்துக்கொண்டு நின்றன. நடுவே பாதி கட்டி நின்றுபோன சுவர். சுப்பராயலு நெற்றியின் மேல் ஒரு தழும்போடு வெளியே வந்தார்.

"கேஸ் கோர்ட்ல கீது. அங்க பேசிக்கலாம்," என்றார்.

"கேஸைப் பத்திப் பேச வரல. காயம் பெருசோன்னு கேட்டுப் போகத்தான் வந்தேன்," என்றார் ஜஹானாரா.

அது வேலை செய்தது. காயத்தைப் பற்றிக் கேட்டால் காட்டாமல் இருக்க மனிதரால் முடியுமா? உள்ளே போய் ஒரு ஃபைலையே தூக்கிக்கொண்டு வந்தார். ஏழு தையல், ஸ்கேன், மருந்துச் சீட்டுகள். நடுவில் ஆஸ்பத்திரியில் முதன்முதலாக எழுதிய சீட்டு. அடிபட்டு வருகிறவர் யார், எதால், எப்போது அடித்ததாகச் சொல்கிறாரோ அதை டாக்டர் அப்படியே எழுதிவைப்பது. ஜூலை பதினொன்று, மாலை ஐந்து மணி. தெரிந்த ஆண் ஒருவர் இரும்புக் கம்பியால் அடித்ததாகக் கூறுகிறார்.

"இது நீங்க சொல்லி எழுதினதுதானே?"

"பின்ன, மயங்கியா கெடந்தேன்? தெளிவாத்தான் சொன்னேன்."

"உங்க ஓவியாவுக்கு என்ன வயசு?"

"போன மாசம், ஆகஸ்ட் இருபத்தி நாலாம் தேதிதான் இருபத்தொண்ணு முடிஞ்சுது. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்," என்று ஜஹானாரா அந்தச் சீட்டைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். எதற்கென்று அப்போதுதான் சுப்பராயலுவுக்கு உறைத்திருக்க வேண்டும். ஃபைலை வெடுக்கென்று மூடினார்.

ஸ்கூட்டரைக் கிளப்பியதும் யாசீன் ஆரம்பித்தான். "ஆண்னு போட்டிருக்கு அக்கா. அப்போ அடிச்சது ஜெயவேலு. தன் மேல வராம பொண்ணு தலையில கட்டிட்டான்."

"பாதி கிணறு தாண்டிட்டே. ரோட்டைப் பாத்து ஓட்டு," என்றார் அக்கா.

ஞாயிறு காலை ஜெயவேலுவின் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயவேலு, கிளியம்மாள், மகன் சக்திவேல், அனுப்பிரியா. கடைசியாக, மூன்று வருடமாக அந்த வாசல்படி ஏறாத சுப்பராயலு. கிளியம்மாளே போய்க் கூப்பிட்டிருந்தாள். யாரும் காபியைத் தொடவில்லை.

"வக்கீலை வெச்சுப் பாத்துக்கலாம்னு சொன்னேன். இதெல்லாம் எதுக்கு?" என்றார் ஜெயவேலு.

"வக்கீல் கேஸை உடைக்க ஆறு மாசம் ஆகும் சார். நாளைக்கு நாலு மணிக்கு சீட்டு போயிடும்," என்றார் ஜஹானாரா. குரலை உயர்த்தவே இல்லை. "முப்பது வருஷம் இந்த மாதிரி புகாரா படிச்சிருக்கேன். சொத்துத் தகராறுன்னா, அந்த வீட்ல இருக்கிற எல்லார் பேரையும் எழுதிடுவாங்க. ஊர்ல இல்லாதவங்க, படுக்கையில கெடக்கறவங்க, யாரையும் விடமாட்டாங்க. ஆம்பளைங்க பேருதான் முதல்ல வரும். உங்க வீட்ல நாலு பேரு. புகார்ல மூணு பேரு. ஊர்ல இல்லாத ரெண்டு பொம்பளைங்களும் இருக்காங்க. ஊர்ல இருந்த வாலிபப் பையன் பேரு மட்டும் இல்ல. இப்படி ஒரு புகாரை நான் பாத்ததே இல்ல."

சக்திவேல் தலையைத் தூக்கவில்லை.

"அன்னிக்கு சாயந்திரம் சுப்பராயலு சார் டாக்டர்கிட்ட சொன்னது ஆண் ஒருத்தர். மறுநாள் ஸ்டேஷன்ல எழுதினது பொண்ணு. ராத்திரியோட ராத்திரியா அடிச்ச கை மாறிப்போச்சு. அடிச்சது ஜெயவேலு சார்னு என் தம்பி நெனச்சான். ஆனா அவர்தான் ஏற்கெனவே முதல் எதிரியா இருக்காரே. திட்டினார்னு எழுதின இடத்துல அடிச்சார்னு எழுத எவ்வளவு நேரமாகும்? மறைக்க வேண்டிய பேரு புகார்லயே வரக்கூடாத பேரு. மறுமாசம் வேலைக்குச் சேரப்போற பேரு. அந்தக் கம்பெனியும் போலீஸ்ல விசாரிச்சுட்டுத்தான் ஆள் எடுக்கும்."

யாசீன் சக்திவேலைத் திரும்பிப் பார்த்தான்.

கிளியம்மாள் கணவரின் அண்ணனைப் பார்த்தாள். "அப்போ நீங்கதான் இவ பேரைச் சேத்தீங்களா?"

"அவரா சேக்கலம்மா," என்றார் ஜஹானாரா. "அவருக்குத் தெரிஞ்ச வயசு அது இல்ல. ஓவியா பொறந்தது ஆகஸ்ட் இருபத்தி நாலு. நாலு நாள் வித்தியாசத்துல பொறந்த அனுப்பிரியாவுக்கும் அந்த ஜூலைல பதினேழுதான் நடந்திருக்கும். அவர் சொல்லியிருந்தா பதினேழுன்னுதான் சொல்லியிருப்பாரு. பதினெட்டுக்குக் கீழன்னா, வழக்கே வேற விதமா சிறுவர் விசாரணைக்குப் போயிருக்கும். அனுப்பிரியா ஒரு கிளாஸ் மேல படிச்சது எப்படிம்மா?"

கிளியம்மாள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "ஜூலைக்குள்ள அஞ்சு வயசு முடிஞ்சாத்தான் சேத்துப்பாங்கன்னு மே மாசம் பொறந்ததா எழுதிக் குடுத்தோம். எல்லாரும் செய்யறதுதான். சர்டிபிகேட்ல மே."

"சர்டிபிகேட்படி அந்த ஜூலைல பதினெட்டு முடிஞ்சிருக்கும். அந்த சர்டிபிகேட் யார் பீரோவுல இருக்கு?"

எல்லோரும் ஜெயவேலுவைப் பார்த்தார்கள்.

முதலில் வாயைத் திறந்தவர் சுப்பராயலுதான். "ராத்திரி வந்து கால்ல விழுந்தான். பையன் வேலை போயிடும்னான். என்னா இருந்தாலும் நம்ம வூட்டுப் புள்ள, அவன் பேரை விட்டுடறேன், ஆனா அடிச்சவன் பேரு இல்லாம ஸ்டேஷன்ல எடுக்கமாட்டாங்களேன்னேன். இவன்தான் பொண்ணு பேரைச் சொன்னான். அவ சர்டிபிகேட் ஜெராக்ஸையும் கையில குடுத்தான். சத்தியம் வாங்கிக்கினான். இவ்ளோ நாளா சொல்லல."

"அப்பா," என்றாள் அனுப்பிரியா. "என் பேரைச் சொல்றப்போ ஒரு தடவையாவது யோசிச்சியா?"

ஜெயவேலு உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொண்ணு மேல கேஸ் இருந்தா யாரு தேடப்போறாங்க, கட்டிக்குடுத்தா போற வூட்டுப் பேரு வந்துடும்னு நெனச்சேன்மா. ஸ்டேஷன்லருந்து வந்த நோட்டீஸ்லயும் நானே உனக்கும் உங்கம்மாவுக்கும் பதிலா கையெழுத்துப் போட்டேன். நீ டாக்டராவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

யாசீனுக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது. அவனுக்கும் ஒரு பையன், ஒரு பெண். இந்த வருடம் யாரை எந்தப் பள்ளியில் சேர்த்தோம் என்பது அந்த நேரத்தில்தானா ஞாபகத்துக்கு வர வேண்டும்?

ஜஹானாரா இரண்டு வெள்ளைத் தாள்களை மேஜையில் வைத்தார். "அன்னிக்கு அனுப்பிரியா அங்க இல்லன்னு சுப்பராயலு சார் எழுதணும். அடிச்சது நான்தான்னு சக்திவேல் எழுதணும். இந்த ஆஸ்பத்திரிச் சீட்டோட நாளைக்கு ஸ்டேஷன்லயும் காலேஜ்லயும் குடுக்கணும். டாக்டர் சீட்டு நிச்சயம் தங்கும்னு நான் சொல்லமாட்டேன். இது இல்லன்னா நிச்சயம் போயிடும்."

சுப்பராயலு முதல் தாளை எடுத்து எழுதத் தொடங்கினார்.

"என் வேலை போயிடும்மா," என்றான் சக்திவேல், தாயிடம்.

கிளியம்மாள் மகனைப் பார்த்தாள். பேனாவை எடுத்து அவன் விரலிடுக்கில் வைத்தாள். "எழுதுடா."

அவன் எழுதி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குள் அனுப்பிரியா கல்லூரி கேட்டிருந்த விளக்கப் படிவத்தை நிரப்பிவிட்டாள். கடைசியில் ஒரு கோடு பாக்கி இருந்தது. பெற்றோர் கையொப்பம். முதல் வகுப்பிலிருந்து மகளின் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டவர் ஜெயவேலுதான். பழக்கத்தில் அவர் கை சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்தது.

அனுப்பிரியா படிவத்தை அவரைத் தாண்டித் தாயின் முன்னால் வைத்தாள். கிளியம்மாள் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிறுத்தித் தன் பெயரை எழுதினாள். அது முடியும்வரை ஜெயவேலு மூடி கழற்றிய பேனாவோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.