கருகாத ஒரு முழம்

காலை ஐந்து நாற்பது. ஹினாசாவா கிராமத்துக் காவல் நிலையத்தில் தொலைபேசி அலறியபோது மிசாவோ பல் துலக்கிக்கொண்டிருந்தாள். நிலையத்துக்கு இருந்த ஒரே போலீஸ் அவள்தான். மாடியிலேயே குடியிருந்தாள்.

"போலீசம்மா, ஃபுமியே பேசறேன். எங்க தேயிலைத் தோட்டம் பூரா உறைபனி. எங்க வீட்டுக்காரர் அரிவாளோட மாகிதா வீட்டுக்கு ஓடறாரு. சீக்கிரம் போங்க!"

வாயைக்கூடக் கொப்பளிக்காமல் மிசாவோ வண்டியை எடுத்தாள்.

தோட்டத்துக்குக் கீழே குடியிருக்கும் மாகிதாவின் வாசலில் ஃபுமியேயின் கணவர் செய்கிச்சி நின்றிருந்தார். அறுபத்தேழு வயது, கட்டையான உடம்பு, கையில் செடி கவாத்து செய்யும் அரிவாள். நேற்று மதியப் பேருந்தில் நகரத்திலிருந்து வந்திறங்கிய அவருடைய தம்பி எய்ஜி, அண்ணனின் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"வெளிய வாடா, மாகிதா! என் தோட்டத்து விசிறியோட கழுத்தை ஒடிப்பேன்னு ஊர்க் கூட்டத்துல சொன்னியே, ஒடிச்சிட்டியே!"

"சொன்னேன். ஒடிக்கல" என்றார் மாகிதா, கதவைப் பாதி திறந்து. "உன் விசிறிச் சத்தத்துல என் பொண்டாட்டிக்குத் தூக்கம் இல்ல. நோயாளி அவ. அதைத்தான் சொன்னேன். ராத்திரி பூரா நான் அவ பக்கத்துலதான் இருந்தேன்."

மிசாவோ நடுவில் போய் நின்று கையை நீட்டினாள். "அரிவாள்."

"போலீசம்மா, நீங்க இதுல தலையிடாதீங்க."

"தலையிடத்தான் சம்பளம் வாங்கறேன். குடுங்க ஐயா."

அவர் கொடுத்த அந்த நொடியில், மேட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு பெரிய உறுமல் எழுந்தது. நாலு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். செய்கிச்சியின் தோட்டத்தில் உயரக் கம்பங்களின் மேலிருந்து வெதுவெதுப்பான மேல்காற்றைக் கீழே தள்ளி உறைபனியைத் தடுக்கும் மூன்று விசிறிகளும் சுழலத் தொடங்கியிருந்தன.

"பார்த்தீங்களா! விடிய விடியச் செத்துக் கிடந்துட்டு இப்பச் சுத்துது, சனியன்!" செய்கிச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பலாகியிருந்தது.

"அண்ணே, டாக்டர் உங்களை மலையே ஏறக் கூடாதுன்னாரு" என்றான் எய்ஜி.

"நீ சும்மா இருடா. சோலார் தகடு போடறவங்களுக்கு நிலத்தை விக்கச் சொல்ல வந்தவன்தானே நீ? நேத்துதான் வந்தே, இன்னைக்குக் கொழுந்து போச்சு. உன் மேலயும் எனக்குச் சந்தேகம்தான்."

எய்ஜி அண்ணனின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றான்.

ஆறே கால் மணிக்கு மிசாவோ மேட்டுத் தோட்டத்துக்கு ஏறினாள். ஊரிலேயே முதலில் துளிர்க்கும் தோட்டம் அது. ஆண்டின் முதல் கொழுந்து இங்கிருந்துதான் கீழே ஆலைக்கு இறங்கும். நாளை மறுநாள் பறிப்பு. அதற்குள் இப்படி. வெயில் பட்டுப் பனி உருகிக்கொண்டிருந்தது. பார்வைக்கு எல்லா இலைகளும் ஈரப் பச்சையாக, ஒன்றுமே நடக்காதது போல இருந்தன. உறைந்த கொழுந்து உடனே கருகாது. வெயில் ஏற ஏறத்தான் தன் சாவைக் காட்டும்.

தோட்டத்து ஓரக் கல்லில் செய்கிச்சியின் மனைவி ஃபுமியே தனியாக உட்கார்ந்திருந்தாள். மிசாவோவைக் கண்டதும் எழுந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்கு ஒண்ணும் ஆகலையே?"

"படபடப்பு. உட்கார வச்சிருக்கேன். உங்க கை நல்லாக் கதகதப்பா இருக்கேக்கா, காய்ச்சலா?"

"இல்லம்மா." ஃபுமியே கையை விலக்கிக்கொண்டாள். "பயத்துல ரத்தம் கொதிக்குது போல."

"உள்ள போய்ப் பார்த்தீங்களா?"

"எனக்குப் பார்க்கவே மனசில்ல. இங்கயேதான் உட்கார்ந்திருக்கேன்."

அவளுடைய கால்சட்டை தொடை வரை நனைந்திருந்தது. பனி பெய்த காலையில் யார் துணிதான் நனையாது என்று மிசாவோ அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் வரிசைகளுக்குள் புகுந்தாள். நடு வரிசையில், கொழுந்து மட்டத்தில், கட்டைவிரல் அளவு கருவி ஒன்று குச்சியில் கட்டியிருந்தது. குளிர் அளவு தாண்டினால் அதுதான் விசிறிகளை ஓட விடும். மின்கம்பி அறுபடவில்லை. பெட்டியில் எல்லாப் பொத்தானும் போட்டபடியே இருந்தது. கருவியைத் தொட்டால் மட்டும் விரலில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது.

விசாரணையை அவள் ஒழுங்காகத்தான் நடத்தினாள்.

"ராத்திரி எங்க இருந்தீங்க?"

"அண்ணன் வீட்டு மாடியில. களைப்பு, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்" என்றான் எய்ஜி.

"விசிறி ஓடலைன்னு தெரியலையா?" என்று செய்கிச்சியைக் கேட்டாள்.

"பள்ளத்தாக்கு பூரா அம்பது விசிறி உறுமுது. என்னோடதும் அதுல ஒண்ணுன்னு நிம்மதியாப் படுத்துட்டேன். விடிஞ்சு பார்த்தா ஒரே வெள்ளை. வாசல்ல இருந்தே பார்த்துட்டு அப்படியே கீழே ஓடினேன்."

பத்தரை மணி. வெயில் நன்றாக ஏறிவிட்டது. மேட்டுத் தோட்டம் முழுவதும் தீயில் வாட்டியது போலப் பழுப்பாகிவிட்டது. ஆலைக்காரர்கள் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். மிசாவோ மட்டும் மேலே, சரிவின் உச்சிக்கு ஏறி நின்று பார்த்தாள். பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

பழுப்புக்கு நடுவே, கருவியைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குக் கொழுந்து பச்சைப் பசேலென்று நின்றது.

அவள் எல்லாரையும் தோட்டத்துக்கு வரச் சொன்னாள். மாகிதா தயங்கித் தயங்கி வந்து ஓரமாக நின்றார்.

"ஐயா, அந்தப் பச்சையைப் பாருங்க. எல்லாம் உறைஞ்சப்போ அந்த ஒரு முழம் ஏன் உறையல?"

"எனக்கென்ன தெரியும்?"

"அங்க சூடு இருந்துச்சு. குளிர்காலத்துல நாம எல்லாரும் இடுப்புல ஒட்டிக்கறோமே, உறையைப் பிரிச்சதும் தானாச் சூடாகற பொட்டலம், அதுல ஒண்ணைப் பிரிச்சுக் கருவி மேல ஒட்டியிருக்காங்க. பசை இன்னும் இருக்கு. விடிய விடிய அது சூடாவே இருக்கும். உலகமே உறைஞ்சாலும் கருவிக்குக் குளிரே தெரியாது. விசிறி எப்படி ஓடும்?"

செய்கிச்சி மாகிதாவின் பக்கம் திரும்பினார். மிசாவோ கையை உயர்த்தினாள்.

"அவசரப்படாதீங்க. ராத்திரி யார் எங்க இருந்தீங்கன்னு கேட்டது என் தப்பு. ஒட்டறதுக்கு ராத்திரி வேண்டியதில்ல, சாயங்காலமே போதும். கேட்க வேண்டிய கேள்வி வேற. அதை எடுத்தது யாரு, எப்போ?"

"எப்போ?" என்றான் எய்ஜி.

"எடுத்த உடனே கருவிக்குக் குளிர் தெரிஞ்சிருக்கும், விசிறி ஓடியிருக்கும். விசிறி எப்போ ஓடுச்சு? நான் அரிவாளை வாங்கினப்போ. அப்போ நீங்க மூணு பேரும் எங்க இருந்தீங்க? என் கண்ணு முன்னாடி, மாகிதா வாசல்ல. உங்க மூணு பேருக்கும் நானே சாட்சி. என் காதுலயே விழுந்த சத்தத்தை இத்தனை நேரம் யோசிக்காம இருந்திருக்கேன்."

மிசாவோ மெதுவாக ஃபுமியேயின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உள்ளயே போகலைன்னீங்க. தொடை வரைக்கும் நனைஞ்சிருந்தீங்க. எங்க எல்லாருக்கும் விரல் விறைச்சுக் கிடந்தப்போ உங்க கை மட்டும் சுட்டுச்சு. அது இப்ப எங்க இருக்கும்னுகூடச் சொல்லிடறேன். எல்லாரும் ஒட்டிக்கற இடத்துலதான்."

ஃபுமியே புருஷனைப் பார்த்தாள். பிறகு மேல்சட்டைக்குள் கையை விட்டு, இடுப்பிலிருந்து அதைப் பிய்த்து எடுத்தாள். ஆறிக் கல்லாகியிருந்த பொட்டலம். அதன் பசையில் ஒரு தேயிலைக் கொழுந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீயா?" செய்கிச்சி பொட்டலத்தைக் கையில் வாங்கினார். "நாற்பது வருஷமா என்கூட இந்தச் செடியைப் பார்த்தவ, நீயா?"

"நான்தாங்க. உங்க இருதயத்துல அடைப்பு, உடனே ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொன்னாரு. நீங்க என்ன சொன்னீங்க? முதல் கொழுந்து முடியட்டும்னீங்க. பறிப்பு முடிஞ்சா ஆலை வேலை, அப்புறம் ரெண்டாம் கொழுந்து. அழுதேன், சண்டை போட்டேன். எய்ஜியை வரச் சொன்னதே நான்தான், அவன் பேச்சையாவது கேப்பீங்கன்னு. கேக்கலையே."

"அதுக்குக் கொழுந்தைக் கொல்லுவியா?"

"கொல்லுவேன். செடிக்கு ஒண்ணும் ஆகாது, மறுபடி துளிர்க்கும். நீங்க துளிர்ப்பீங்களா?"

செய்கிச்சி ஓரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

ஃபுமியே மாகிதாவின் முன்னால் போய் இடுப்பு வளையக் குனிந்தாள். "உங்க மேல பழி விழும்னு நான் நினைக்கல. அவர் அரிவாளைத் தூக்கினதும்தான் புரிஞ்சுது. போலீசம்மாவுக்குப் போன் பண்ணிட்டு, அதை எடுக்க ஓடினேன். மன்னிச்சிடுங்க."

"எங்க வீட்டுலயும் ஒரு நோயாளி இருக்கா" என்றார் மாகிதா. "எனக்குப் புரியுதும்மா, எழுந்திருங்க."

மனைவியின் குனிந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த செய்கிச்சி தானும் எழுந்து வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு மாகிதாவுக்கு எதிரே குனிந்தார். நிமிர அவருக்கு நேரம் பிடித்தது. மாகிதாதான் தோளைத் தொட்டு நிமிர்த்தினார்.

"போலீசம்மா, இதுக்கு என்ன வழக்கு?" எய்ஜி தயங்கிக் கேட்டான்.

"தன் தோட்டத்துல தன் கொழுந்தைத் தானே கருக வச்சதுக்குச் சட்டத்துல பிரிவு தேடி முடிக்கறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன். அரிவாளுக்கு வேணும்னா ஒண்ணு இருக்கு. ஆனா அந்த ஆள் ஆஸ்பத்திரிக்குப் போறதா இருந்தா நான் அவசரப்பட மாட்டேன்."

செய்கிச்சி பழுப்பேறிய வரிசைகளை ஒரு முறை பார்த்தார். கோபம் இன்னும் இருந்தது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு நிற்கத் தெம்பில்லை.

"சரி, போறேன்" என்றார் மனைவியிடம். "துணிமணி எடுத்து வை."

"பை வாசல்ல இருக்கு."

"எப்பக் கட்டினே?"

"நேத்து சாயங்காலம்" என்றாள் ஃபுமியே. "இதை ஒட்டிட்டு வந்த கையோட."