ரொட்டிப் பையும் கறுப்பு உடுப்பும்

ஊத்துப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் மூன்று நாளாகக் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மலைக்கு மேலே இருக்கும் குளத்தின் அடியில், குழாயின் வாயை ஏதோ அடைத்துவிட்டது.

அந்தக் குளத்தையும் குழாயையும் பார்த்துக்கொள்வது துஷாந்தினியின் அப்பா வீரசிங்கத்தின் வேலை. வெள்ளிக்கிழமை அவரே குளத்தில் குதித்துப் பார்த்தார். பாதி ஆழம்கூடப் போக முடியவில்லை. கரையேறியபோது உதடு நீலமாகிவிட்டது, பல் தந்தியடித்தது. இரண்டு கம்பளி போர்த்தியும் இரவு வரை நடுக்கம் நிற்கவில்லை. அதைப் பார்த்துத் துஷாந்தினி பயந்தே போனாள்.

அதனால்தான் சனிக்கிழமை காலை புவாத் மாமா வந்து இறங்கியதும் அவளுக்கு அப்படியொரு நிம்மதி. அவர் கடற்கரை ஊரான கிண்ணியாக்காரர். கடலுக்கு அடியில் மூச்சுவிட்டுக்கொண்டே வேலை செய்கிறவர்! தோட்டத்து ஆபீசில் சொல்லி வரவழைத்திருந்தார்கள்.

முதுகில் கட்டும் காற்று உருளை, பெரிய கண்ணாடி, வாத்துக் கால் மாதிரி ஒரு சோடி ரப்பர் பாதம். ஒவ்வொன்றாக அவர் குளக்கரைப் புல்லில் வைத்தார். அப்பாவுக்கு ரொட்டி கொண்டுவந்த துஷாந்தினி, கொடுக்க மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

கடைசியாக அவர் எடுத்தது ஒரு கறுப்பு உடுப்பு. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டு. தொட்டுப் பார்த்தாள். செருப்பு அளவு தடிப்பு!

"இது எதுக்கு மாமா?"

"எங்கட கடல் சூடு, மகள். அங்க ஒரு டீ ஷர்ட் போதும். இஞ்ச குளிர் எலும்புக்குள்ள போகுது. அதான் கூட்டாளிட்ட இரவல் வாங்கிட்டு வந்தன். நானும் இன்னைக்குத்தான் முதல்முதலா போடப் போறன்."

அங்கேதான் வந்தது வினை. காலை விட்டார். பாதம் பாதி வழியில் மாட்டிக்கொண்டது. அப்பா உடுப்பைப் பிடித்து இழுத்தார். உடுப்பு வரவில்லை, புவாத் மாமாதான் வந்தார். இரண்டு பேரும் புல்லில் உருண்டார்கள்.

"நகம் படாம இழுங்க, கிழிஞ்சிரும்!" என்று கத்தினார் புவாத் மாமா.

அரை மணி நேரம் போனது. இருவருக்கும் மூச்சு வாங்கியது. மத்தியானம் ஆனால் பனிமூட்டம் இறங்கிவிடும். பிறகு குளத்தில் ஒன்றும் தெரியாது.

அப்பா இடுப்பிலிருந்து கவ்வாத்துக் கத்தியை எடுத்தார். தேயிலைச் செடியையே ஒரே வெட்டில் சாய்க்கும் கத்தி அது. "கெண்டைக்கால் பக்கம் லேசா கீறி விட்டா சரியாயிரும்ங்க."

"ஐயோ, வேணாம்! இறுக்கமா இருந்தாத்தான் குளிர்த் தண்ணி உள்ள ஓடாது. கீறினா உடுப்பே வீண்."

"அப்ப நீங்க கரையில நில்லுங்க. நானே இறங்குறேன்." அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

துஷாந்தினி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்ப்பா! கொஞ்சம் பொறுங்க!"

அவள் உடுப்பின் காலுக்குள் தன் கையை விட்டாள். முழங்கையோடு நின்றது.

"அப்பா, இங்க பாருங்க. என் கை குச்சி மாதிரி இருக்கு. அதையே விடமாட்டேங்குது. அப்ப உடுப்பு சின்னது இல்லை. தோல்ல ஒட்டிக்குது!"

ஒட்டாமல் செய்ய என்ன வழி? அவள் கையிலிருந்த ரொட்டிப் பையைப் பார்த்தாள். வழவழவென்ற பொலித்தீன் பை. ரொட்டிகளை ஒரு கல்லின் மேல் எடுத்து வைத்தாள். பையைக் கையில் மாட்டிக்கொண்டு மறுபடியும் விட்டாள். சர்ரென்று கை தோள் வரை உள்ளே போய்விட்டது.

"அட, மாஷா அல்லாஹ்!" என்றார் புவாத் மாமா.

பையை அவர் பாதத்தில் மாட்டினார்கள். ஒரு கால் வந்தது. பையை உருவி மற்றக் காலுக்கு மாட்டினார்கள். அதுவும் வந்தது. தொடையில் மறுபடியும் நின்றபோது, துஷாந்தினி அப்பாவின் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு சவர்க்காரத் துண்டை எடுத்தாள். அட்டை கடிக்காமல் இருக்க அவர் தினமும் காலில் தேய்ப்பது. அதைத் தண்ணீரில் நுரைத்துத் தேய்த்ததும் உடுப்பு இடுப்பைத் தாண்டியது. பிறகு கைகள். அப்பா முதுகுப் பக்கத்து சிப்பை இழுத்து மூடினார்.

ரொட்டி வாசத்தோடும் சவர்க்கார வாசத்தோடும் புவாத் மாமா எழுந்து நின்றார். இவ்வளவு நேரமும் புல்லில் உருண்ட மனிதரா இவர்? கறுப்பாக, பளபளவென்று, குளத்திலேயே பிறந்தவர் மாதிரி இருந்தார். துஷாந்தினிக்கு உடம்பு சிலிர்த்தது.

அப்பா குழாயின் வால்வைப் பூட்டிவிட்டு, புவாத் மாமாவின் இடுப்பில் கட்டிய கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டார். காற்று உருளையும் கண்ணாடியும் ரப்பர் பாதமும் மாட்டிக்கொண்டு புவாத் மாமா தண்ணீருக்குள் இறங்கினார். "ஹா!" என்று ஒரு தரம் கத்தினார். பிறகு சிரித்தார்.

"கொஞ்சம் தண்ணி உள்ள வந்துட்டு, மகள். பரவாயில்ல. என்ட உடம்புச் சூட்டுலயே அது சூடாகிரும்!"

தண்ணீரையே போர்வையாக்கிக்கொள்ள முடியுமா? அவளால் நம்பவே முடியவில்லை. கேட்பதற்குள் அவர் தலை மறைந்துவிட்டது.

குமிழிகள் மட்டும் மேலே வந்தன. ஒரு மனிதரின் மூச்சை அவள் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு குமிழியையும் எண்ணினாள். நூற்றுப் பதினெட்டு வரை வந்தபோது கயிறு இரண்டு தரம் அசைந்தது. ஒரு மூட்டை அளவு இலையும் கிளையும் ஒரு கிழிந்த சாக்குமாகப் புவாத் மாமா மேலே வந்தார்.

அவர் கரையேறியதும் அப்பா வால்வைத் திறந்தார். குழாய் ஒரு தரம் இருமியது. பிறகு நடுங்கியது. பிறகு உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் மலை இறங்கிப் போனது.

புவாத் மாமாவின் உருளையைக் கழற்றி, உடுப்பின் சிப்பை இறக்கியபோது, அந்தக் குளிரில் அவர் முதுகிலிருந்து ஆவி பறந்தது. துஷாந்தினி மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள். சுடச்சுட இருந்தது!

"எனக்குக் குளிரவே இல்ல, மகள். ஆனா இதைக் கழட்ட யார் வாறது?"

அப்போது கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து வாளிகள் உருளும் சத்தம் கேட்டது. "தண்ணி வந்திருச்சு! தண்ணி வந்திருச்சு!"

அப்பா சட்டைப் பொத்தானைத் திரும்பப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஆறிப்போன ரொட்டியைப் பிய்த்துத் தின்றார். அவர் உடம்பில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.