ஒருமை பன்மை மயக்கம்

அச்சகத்தில் பிழை திருத்தும் அவருக்கு ஒற்றுக்காரர் என்று பெயர். விட்டுப்போன க், ச், த், ப் எங்கே ஒளிந்திருந்தாலும் இழுத்து வந்து உட்கார வைத்துவிடுவார். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் யாருக்குக் கல்யாணம் என்று பார்க்க மாட்டார், காற்புள்ளி சரியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

மனைவி இறந்த பிறகு அந்த மனுஷர் வேலைக்குப் போவதை விட்டுவிட்டார். அழவும் இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவர் அழுவாரா என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படி ஆள் முழுக்க மரத்துக் கிடந்தார். சோற்றில் உப்பு இல்லை என்பதுகூடத் தட்டு காலியான பிறகுதான் தெரியும்.

ஒரு மதியம் மனைவியின் தம்பி சுருட்டை, தோளில் ஒரு பழைய லேப்டாப்போடு வந்து சேர்ந்தான். தலைமுடியால் வந்த பெயர் அது. முடி பாதிக்கு மேல் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்வது அவன் பிழைப்பு. இந்த முறை படமே இல்லாத ஒரு விளையாட்டு செய்திருந்தான். பேய்கள் நடமாடும் ஓர் உலகம், எல்லாமே எழுத்தில். திரையில் கதை ஓடும், ஓரிடத்தில் நின்று நம்மைக் கேட்கும். என்ன செய்யப்போகிறோம் என்று நாம் அடித்தால் அதற்கேற்றபடி மேலே நகரும். வெளியிடுவதற்கு முன்னால் அத்தான் பிழை பார்த்துத் தர வேண்டுமாம். துக்கத்திலிருந்து தன்னைக் கிளப்ப அவன் கண்டுபிடித்த சாக்கு அது என்று ஒற்றுக்காரருக்குத் தெரியாமல் இல்லை.

"சின்னச் சின்ன வார்த்தையா அடிங்க அத்தான். பார், எடு, திற, வடக்கே போ, அவ்வளவுதான். முடிக்கணும்னா வெறும் 'போறேன்'னு அடிங்க, ஆட்டம் நின்னுடும்."

"கிளம்பும்போது யாராவது போறேன்னு சொல்வாங்களா?"

"கம்ப்யூட்டர்கிட்டதானே சொல்றீங்க" என்று சிரித்துவிட்டு, அக்காவின் படத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவர் தன் பழைய மர நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். முதல் திரையில் இரண்டு வரி இருந்தது. *இந்த உலகத்தில் கூப்பிட்டால் யாராவது வருவார்கள். நாம் கூப்பிட்ட ஆள்தான் வர வேண்டும் என்பதில்லை.* பிழை ஒன்றும் இல்லை. அடுத்த திரைக்குப் போனார்.

*நீ ஒரு பழைய வீட்டின் முன் நிற்கிறாய். கதவு சாத்தியிருக்கிறது. உள்ளிருந்து நனைந்த துணியின் வாடை வருகிறது.*

'திற' என்று அடித்தார். கதவு திறந்தது. 'பார்' என்றார். கூடத்தில் கவிழ்த்து வைத்த ஒரு கண்ணாடி, மாடிப்படி, படியின் உச்சியில் இருட்டு. ஓர் அறையில் யாரோ மூச்சு விடுகிறார்கள் என்றது திரை. அவருக்குப் பயமே வரவில்லை. மூன்று சொற்களில் ஒற்று மிகவில்லை, அதைக் குறித்துக்கொண்டார். வெயில் சாய்ந்ததும் முடிக்கலாம் என்று நினைத்தார்.

'போறேன்' என்று அடிக்க விரல் வரவில்லை.

காரணம் இருந்தது. ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் அவர் மனைவி வாய் தவறி "போறேங்க" என்றுவிட்டாள். பேச்சில்கூடப் பிழை பொறுக்காத மனுஷர், "வரேன்னு சொல்லு" என்று திருத்தினார். அவள் சிரித்துக்கொண்டே, "சரி, வரேங்க" என்றாள். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவள்தான்.

அதனால் அவர் 'வரேன்' என்று அடித்துவிட்டு லேப்டாப்பை மூடிவைத்தார். மறுநாளும் அப்படியேதான். அதற்கு அடுத்த நாளும்.

சில மதியங்கள் கழித்து விளையாட்டைத் திறந்தபோது திரை இப்படிச் சொன்னது: *நீங்கள் கூடத்தில் நிற்கிறீர்கள்.*

இத்தனை நாள் நீ, வா, போ என்று பேசிய விளையாட்டுக்குத் திடீரென்று மரியாதை முளைத்துவிட்டது. எந்தப் பக்கம் போனாலும் நீங்கள்தான். *நீங்கள் படியேறுகிறீர்கள். நீங்கள் மூச்சை அடக்கிக்கொள்கிறீர்கள்.* ஒற்றுக்காரர் தன் தொழில் மொழியில் 'ஒருமை பன்மை மயக்கம்' என்று எழுதிச் சுருட்டைக்கு அனுப்பினார்.

உடனே போன் வந்தது.

"அத்தான், அது மரியாதை இல்ல. பன்மை. ஆட்டத்துல யாராவது கூட சேர்ந்துக்கிட்டா 'நீங்கள்'னு மாறும், நான்தான் அப்படி எழுதினேன். யாரைக் கூப்பிட்டீங்க?"

அவர் யாரையும் கூப்பிடவில்லை என்றார். சுருட்டை தன் பக்கத்திலிருந்து பார்த்தான். கொஞ்ச நேரத்தில் அவனே சிரித்தான். அவன் புரோகிராம் வார்த்தையின் வாலை நறுக்கிவிட்டு வினையை மட்டும் எடுத்துக்கொள்ளுமாம். வரேன், வர்றேன், வாங்க, எப்படி அடித்தாலும் அதற்கு 'வா'தான். விடைபெறுவதாக நினைத்து ஒற்றுக்காரர் தினமும் யாரையோ வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கூட வருகிற ஆளுக்குப் பேரும் கிடையாது, பேச்சும் கிடையாது, ஒரு வரிகூட எழுதவில்லை, நாளைக்கு வந்து சரி செய்துவிடுகிறேன் என்றான்.

"நாளைக்கு வேண்டாம்" என்றார் அவர்.

பிறகு சுருட்டை குரலைத் தாழ்த்தி, "அக்கான்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டான்.

நாற்காலியைப் பற்றி அவனிடம் எப்படிச் சொல்வது? அவர் வீட்டில் புரூஃப் பார்க்கும்போதெல்லாம் அவள் பின்னால் வந்து நிற்பாள். ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையை நாற்காலி முதுகில் ஊன்றி எட்டிப் படிப்பாள். நாற்காலி கிறீச்சென்று ஒரு பக்கமாகச் சாயும். "எனக்குத் தெரியாம என்ன திருத்துறீங்க?" என்பாள். 'நீங்கள்' வந்த நாளிலிருந்து அந்த நாற்காலி மறுபடியும் கிறீச்சிட ஆரம்பித்திருந்தது. பட்டப்பகலில், ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் போய்க்கொண்டிருக்கும்போது.

அவர் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்தால் போய்விடுவாளோ என்று பயம். பயம் என்றுகூடச் சொல்ல முடியாது, அதற்கும் உள்ளே உயிர் வேண்டுமே. ஆனால் காலையில் எழுந்ததும் மதியத்தை நினைத்துக்கொண்டார். விளையாட்டைத் திறந்து ஒன்றும் செய்யாமல், *நீங்கள்* என்ற சொல்லைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இறந்தவளோடு இருக்க அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு சொல்தான். அது போதும் என்றிருந்தது.

ஒரு வாரம் பொறுத்த சுருட்டை ஒருநாள் மறுபடி கூப்பிட்டான். அவன் குரல் உடைந்திருந்தது. "அது அக்கா இல்ல அத்தான். நான் விட்ட பிழை. இன்னிக்கு எடுத்துடறேன். எனக்கும் தாங்கல" என்றான். அவனுக்கும் அவள் அக்காதானே. ஒற்றுக்காரர் சரி என்றார். சாயங்காலம் வா, அதற்குள் நானே முடித்துவைக்கிறேன் என்றார்.

மதியம் லேப்டாப்பைத் திறந்தார். *நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள்.* நாற்காலி கிறீச்சிட்டது. அவர் முதுகை அசைக்காமல், எழுத்து எழுத்தாக, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தையை அடித்தார்.

'போறேன்.'

*நீ கிளம்பிவிட்டாய். ஆட்டம் முடிந்தது.*

நீ. ஒருமை. இத்தனை மாதம் வராத அழுகை இப்போது வந்துவிடும் போலிருந்தது. திரையை மூடக் கையை நீட்டினார்.

கீழே இன்னொரு வரி வந்தது.

*வரேன்டா.*

பழக்கதோஷம், முதலில் பிழைதான் கண்ணில் பட்டது. விளையாட்டு முழுக்க எழுத்துத் தமிழ், இது மட்டும் பேச்சுத் தமிழ். கூட வருகிற ஆளுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை என்று சுருட்டை சொல்லியிருந்தான்.

பிறகுதான் அந்தக் கடைசி எழுத்தைப் பார்த்தார்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் 'ங்க' போடாமல் அவரிடம் பேசியதில்லை. சண்டையில்கூட இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்றும் இல்லை.

இது அவள் இல்லை.

எத்தனை மதியம் இதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்தார். மரத்துக் கிடந்த உடம்பில் அப்போதுதான் உணர்வு திரும்பியது. பிடரியில் தொடங்கி முதுகெலும்பு வழியாகக் கால்வரை ஊசி ஊசியாக இறங்கியது.

அறையில் நனைந்த துணியின் வாடை வந்தது.

நாற்காலி கிறீச்சிட்டது. இந்த முறை ஒரு பக்கமாகச் சாயவில்லை. இரண்டு கையும் ஊன்றியதுபோல் நேராகப் பின்னால் சாய்ந்தது.