மன்னர் கவிழ்த்த பலகை

வெள்ளித் தட்டில் ஜெபராணியின் பெயர்ப் பலகை கவிழ்ந்து கிடந்தது. அதைக் கவிழ்க்க வேண்டிய முரளிதரன் சார் லீவு முடிந்து மாலைதான் சென்னையிலிருந்து திரும்புவார்.

சம்யுக்தாவுக்கு வயிறு எரிந்தது. அந்தத் தணலில் குதைபியா பேட்டை முழுவதற்கும் குப்பூஸ் ரொட்டி சுட்டு அடுக்கியிருக்கலாம்.

பஹ்ரைனின் மனாமாவில் சீன அரண்மனைக் கண்காட்சி ஒன்று நடந்துகொண்டிருந்தது. சிங் வம்சத்து மன்னர் சாப்பிடும்போது, ராணிகளின் பெயர் எழுதி, தலைப்பக்கம் பச்சை பூசிய பலகைகள் தட்டில் வருமாம். பிடித்தவளுடையதை அவர் கவிழ்ப்பாராம். மேனேஜர் முரளிதரன் அதையே விளையாட்டாக்கி, தன் வழிகாட்டிகளான சம்யுக்தா, ஜெபராணி இருவருக்கும் பலகை செய்து, தினம் ஒன்றைக் கவிழ்ப்பார். கவிழ்ந்தவளுக்குப் பட்டு அங்கி, பட்டத்து ராணி வேஷம். அறுபது நாளில் ஐம்பத்தொன்பது நாள் ஜெபராணிதான். அவள் சிரித்தால் துறைமுகத்துக் கப்பல்கள் நங்கூரத்தைத் தானே தூக்கிக்கொள்ளும். மீதி ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல்.

இன்று கடைசி நாள். மாலை சார் வந்து கவிழ்க்கும் பெயர் கண்காட்சியோடு துபாய் போகும். மற்றவளுக்கு விசா கேன்சல், ஊர்.

மதிய மூடல் நேரம். வெளியே ஒட்டகமும் உருகி ஓடும் வெயில்; உள்ளே ஏசியின் முனகல், மெழுகுப் பொம்மைகளின் மெல்லிய கொழுப்பு வாடை, எங்கோ பட்டுத்துணி தரையில் இழுபடுவதுபோல நின்று நின்று வரும் ஒரு சரசரப்பு. சம்யுக்தா ஜெபராணியின் பலகையை நிமிர்த்தினாள். தன்னுடையதைக் கவிழ்த்தாள். டீ போட்டுக்கொண்டு திரும்பினாள்.

ஜெபராணியுடையது கவிழ்ந்திருந்தது.

அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். கப்பைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். தட்டில் இரண்டு பலகை. ஒன்று கவிழ்ந்து. அதன் முதுகில் ஐந்து விரல் பதிந்த மெழுகுத் தடம்.

"யக்கா, இன்னும் சாப்பிடலியா?" ஜெபராணி டிபன் பாக்ஸோடு வாசலில் நின்றாள்.

"எல்லாரையும் நல்லா மயக்கி வச்சிருக்க நீ."

"நானா? நீங்களே போங்கக்கா துபாய்க்கு. எனக்கு கொளச்சல்ல போயி மீன் கறி தின்னா மதி, அது போதும்."

வேண்டாம் என்கிறாள். வேண்டாம் என்பவளுக்குத்தான் எல்லாம் விழுகிறது. சம்யுக்தாவுக்கு அவளுடைய வாயையே தைத்துவிடலாம் போலிருந்தது.

அப்போது உள்ளே, மிங் வம்சத்து அறையில், எதுவோ கனமாகப் படுத்தது.

சம்யுக்தா ஓடிப்போய்ப் பார்த்தாள். இரண்டு மாதமாக அரியணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மெழுகு மன்னர் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். ஒருநாளும் மூடாத கண்களை மூடியிருந்தார். முகம் பழைய பாலேடுபோல மஞ்சளித்திருந்தது.

பார்வையாளர்களிடம் தினமும் ஒப்பிக்கும் பாடம் அவள் வாயில் தானாக ஊறியது: ஆரம்ப கால மிங் மன்னர் இறந்தால் ராணிகளும் உடன் போக வேண்டும். முதலில் விருந்து. பிறகு ஆளுக்கொரு முக்காலி. ஆளுக்கொரு பட்டுச் சுருக்கு.

நிமிர்ந்தாள்.

உத்தரத்திலிருந்து வெண்பட்டு தொங்கியது. பதினெட்டுச் சுருக்கு. பதினாறு மெழுகு ராணிகள் முக்காலிமேல். கழுத்து உள்ளே.

இரண்டு முக்காலி மட்டும் காலி. ஒன்று பின்னால், தீயணைப்பு சிலிண்டர் ஓரம், அழுக்குத் துணிச் சுருக்கோடு. மற்றது முன்னால். மன்னரின் தலைமாட்டில். தங்க ஜரிகைச் சுருக்கு. பட்டத்து ராணியின் இடம்.

"அக்கா, வெளிய வாங்க. யல்லா, சீக்கிரம்." ஜெபராணி வாசலிலிருந்து கூப்பிட்டாள். ஆனால் அவள் கால்கள் உள்ளே வந்தன. இழுத்துவரப்படுவதுபோல. முன் முக்காலியை நோக்கி. "எனக்க காலு நிக்க மாட்டேங்குதுக்கா. பிடிங்க."

பிடித்திருக்கலாம். ஒரு கை நீட்டினால் போதும்.

இங்கேயுமா இவள். இங்கேயுமா முன்னால்.

சம்யுக்தா அவளை இடித்துத் தள்ளினாள். ஜெபராணி வாசலுக்கு வெளியே போய் விழுந்தாள். சம்யுக்தா ஏறினாள். ஜரிகை கழுத்தில் பட்டது. குளிர்ச்சி. என்ன ஒரு குளிர்ச்சி.

கழுத்துகள் நெறுநெறுத்தன. பதினாறு முகங்களும் அவள் பக்கம் திரும்பின. ஒவ்வொன்றிலும் பொறாமை.

அறுபது நாளில் முதன்முறையாக அவள் மனம் நிறைந்து சிரித்தாள்.

கட்டிலிலிருந்து ஒரு மஞ்சள் கை மெல்ல இறங்கி, முக்காலியின் காலைப் பற்றியது.