பதினொன்று இருபது பால்கனி

கதை உச்சத்தில் இருக்கும்போது மூக்கின் மேல் தண்ணீர் சொட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது?

மடக்கிய சிவப்புக் குடையை அடையாளமாகத் தூக்கிப் பிடித்தபடி, பன்னிரண்டு சுற்றுலாப் பயணிகளுக்கு நடுவே நின்றிருந்தாள் அரசெலி. "போருக்குப் போன காதலனுக்காக, இதே பால்கனியில அவ இருபது வருஷம் காத்திருந்தா..." என்று உருகிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அது விழுந்தது. நிமிர்ந்தாள். மேலே ஒருவன் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கலைந்த முடி, தூக்கம் தெளியாத கண்கள்...

"மன்னிச்சுக்கங்க," என்றான். "ஆனா இந்த வீட்ல யாரும் காத்திருக்கலைங்க. இது கொண்டைக்கடலை குடோனா இருந்துச்சு. பத்திரம்கூட என்கிட்ட இருக்கு."

கூட்டம் சிரித்துவிட்டது. அவளா விடுவாள்?

"குடோனுக்குக் காவல் இருந்தவளுக்குக் காதல் வரக்கூடாதா? நீங்க செடியைக் கவனிங்க, கதையை நான் பாத்துக்கறேன்."

இப்போது அவனே சிரித்தான். சிரித்தால் அந்தக் கண்கள் நன்றாக விழித்துக்கொள்கின்றன என்பதைக் கவனித்தாள். கவனித்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

ஸ்பெயினில் எங்கள் தொலேதோவில் காலை பத்து மணிக்குச் சதுக்கத்துக்குப் போனால், கம்பெனிக்கு ஒரு நிறமாக வழிகாட்டிகளின் குடைகள் நிற்கும். வருகிறவர்கள், முன்னால் வந்தவர்கள் இணையத்தில் எழுதி வைத்ததைப் படித்துவிட்டு ஒரு குடையைத் தேர்ந்தெடுப்பார்கள். சிவப்புக் குடைக் கம்பெனியில் அரசெலியோடு சேர்த்து வழிகாட்டிகள் இரண்டு பேர். குளிர்காலத்துக்கு ஒருவர் போதும், அதிகக் கூட்டம் சேர்ப்பவரே நிற்கலாம் என்று முதலாளி எவரிஸ்தோ சொல்லியிருந்தார். தோற்றால் அரசெலி அல்பசேத்தேயில் அக்காவின் பேக்கரிக்குத்தான் திரும்ப வேண்டும். இந்த ஊர்ச் சந்துகளை விட்டுப் போவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் இருபது பேர் வந்தார்கள். எல்லோரும் கேட்டது பால்கனிச் சண்டையைத்தான். முந்தின நாள் போலவே பதினொன்று இருபதுக்கு அந்த வீட்டை அடைந்ததும் அவள் தயங்கித் தயங்கி மேலே பார்த்தாள்... பூவாளியோடு ஒன்றும் தெரியாதவன் மாதிரி நின்றிருந்தான். பெயர் லியாந்த்ரோ. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் குறிப்புகளை வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பவன். தினம் ஒரு சண்டை நடந்தது, ஒன்றுகூடப் பேசி வைத்தது இல்லை. ஒருநாள் அவள் தொண்டை கட்டியிருக்க, கூடையில் கயிறு கட்டி மசபான் இனிப்பை இறக்கினான். "தின்னுட்டுப் பொய் சொல்லுங்க," என்றான். அன்றிரவு அவள் இனிப்பைச் சுற்றியிருந்த காகிதத்தைத் தூக்கிப் போடவில்லை.

எல்லாவற்றையும் கெடுத்தவர் எவரிஸ்தோதான். யாரையும் கேட்காமல் லியாந்த்ரோவின் படத்தைப் போட்டு, 'சண்டைக்கார இளைஞன், தினமும் இலவசம்' என்று சதுக்கத்தில் விளம்பரத் தட்டி வைத்துவிட்டார். அது அரசெலியின் வேலை என்றே லியாந்த்ரோ நினைத்தான். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டான்.

அதைச் செய்தது நான் இல்லை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் நம்பாதவனிடம் நான் ஏன் விளக்கம் சொல்ல வேண்டும் என்று முறைத்துக்கொண்டு, நான்கு நாள் கூட்டத்தை வேறு தெரு வழியாகக் கூட்டிப் போனாள். ஆள் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பால்கனிச் சண்டை நடந்தாக வேண்டும், இல்லாவிட்டால் குடையைத் திருப்பிக் கொடுத்துவிடு என்றார் எவரிஸ்தோ.

ஞாயிறு மழை. ஒன்பது பேர்தான். அரசெலி அந்த வீட்டு முன்னால் குடையை விரித்து நின்றாள். மேலே ஜன்னல் சாத்தியே இருந்தது. பழைய கதையைச் சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை.

"இங்க எந்தப் பொண்ணும் காத்திருக்கல," என்றாள். "கடலை குடோன்தான். கதை நான் கட்டினது. இங்க ஒருத்தர் இருக்கார், அவரைக் கேக்காம அவர் படத்தைப் போட்டுட்டாங்க. நான் போடல. அதைச் சொல்லக்கூட எனக்கு வாய் வரல... அவ்வளவு திமிர். சரி, வாங்க போலாம்."

மேலே ஜன்னல் திறந்தது.

"தப்பாச் சொல்றீங்க," என்றான் லியாந்த்ரோ. "இந்த வீட்ல ஒருத்தன் காத்திருந்தான். நாலு நாளா, பதினொன்னு இருபதுக்கு, இந்த ஜன்னலுக்குப் பின்னாடி. சாத்தினதும் நான்தான், உங்க குரல் கேக்குதான்னு காதை வெச்சுக்கிட்டு நின்னதும் நான்தான்."

மழை கொட்டியது. அவள் கண் கலங்கியது மழையில் யாருக்கும் தெரியவில்லை என்று அவளே நினைத்துக்கொண்டாள்.

"மேல நின்னுக்கிட்டு சொன்னா எப்படி?" என்றாள். "இறங்கி வாங்க."

வீட்டுச் செருப்போடு, நனைந்துகொண்டே வந்து நின்றான். அவள் சிவப்புக் குடையை அவன் பக்கம் சாய்த்தாள். நாளைக்கு எவரிஸ்தோ கேட்டால் குடையைக் கொடுத்துவிடலாம். பச்சைக் குடையோ மஞ்சள் குடையோ, வேறு ஒன்றைத் தேடிக்கொள்ளலாம். ஊரை விட்டு மட்டும் அவள் போவதாக இல்லை.

"எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு, லியாந்த்ரோ," என்றாள். "உன் கடலை குடோனையும் சேத்து."

அவன் குடைக்காம்பைப் பிடித்திருந்த அவள் கையின் மேல் தன் கையை வைத்தான்.

சரகோசாவிலிருந்து வந்திருந்த அம்மாள் ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள். "ஏம்மா... இது தினமும் உண்டா?"

அரசெலி அவனைப் பார்த்தாள்.

"இல்லம்மா... இது இன்னிக்கு மட்டும்தான்."