திங்கட்கிழமை மட்டும் எழுந்த வண்டி

வானிலை அறிக்கையில் மழை இல்லை, பனி இல்லை, வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சூரியப்புயல் மட்டும் உண்டு என்று சொன்னார்கள். மேகத்துறைக் குடியிருப்பில் யாரும் அதற்காகக் கையில் இருந்த வேலையை நிறுத்தவில்லை. மாதத்துக்கு ஒன்றாவது வருகிற புயல்தான். வந்தால் ஆறு மணி நேரம் சில்லுறக்கம். சில்லு வைத்த எல்லாவற்றையும் முன்கூட்டியே உறங்க வைத்துவிடுவார்கள். விழித்திருக்கிற சில்லு கருகிப்போகும். அன்றைக்குக் கதவுகளைக் கையால் தள்ள வேண்டும், பிள்ளைகள் பலகையில் எழுதிப் படிக்க வேண்டும். நீலகிரிச் சரிவில் இருந்த அந்தக் குடியிருப்புக்கு இதெல்லாம் பழகிப்போன சங்கதி.

பிலோமினாவால் மட்டும் அப்படி இருக்க முடியவில்லை. அவள் கணவர் சவரிமுத்துவின் நெஞ்சுக்குள் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருந்த இதயத்துணைப் பம்பிலும் சில்லு இருந்தது. அதை உறங்க வைக்க முடியாது. புயலுக்கு முன் அவரைப் பதினான்கு கிலோமீட்டர் கீழே, ஈயச் சுவர் போட்ட மருத்துவமனை வார்டில் சேர்த்தாக வேண்டும். முந்தின நாளே போகலாம் என்றால், கட்டில் பன்னிரண்டுதான், புயலன்று காலையில்தான் சேர்ப்போம் என்பது விதி. புயலன்று விடிந்ததிலிருந்து சில்லு வண்டி எதுவும் மலையிறங்கக் கூடாது என்பது இன்னொரு விதி. இரண்டும் வெவ்வேறு அலுவலகத்தில் பிறந்தவை. ஒன்றின் முகத்தை இன்னொன்று பார்த்ததே இல்லை.

இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவே ஓடுவதற்காகத்தான் குடியிருப்பு ஒரு பிக்கப் வண்டியை வைத்திருந்தது. வயது நூற்றிருபது. மருந்துக்குக்கூடச் சில்லு கிடையாது. பாசியிலிருந்து வடித்த டீசலில் ஓடியது. அதன் ஓட்டுநர் பிலோமினா. போன புயலன்று அது நாற்பது நிமிடம் எழவே இல்லை. ஆட்கள் சேர்ந்து இறக்கத்தில் தள்ளிவிட்டார்கள். இரண்டு கொண்டை ஊசி வளைவுகளை எஞ்சின் சத்தமே இல்லாமல், கல்லாக இறுகிப்போன பிரேக்கை மிதித்துக்கொண்டு அவள் கடந்தாள். மூன்றாவது வளைவில்தான் எஞ்சினுக்கு உயிர் வந்தது. வார்டுக்குள் நுழையும்போது புயலுக்கு நான்கு நிமிடம் இருந்தது. பயத்தில் சவரிமுத்துவின் உதடு வெளுத்திருந்தது.

கோளாறு பார்க்கவென்று அங்கே பரிசோதகர் ஒருவர் உண்டு. ஆறடி உயர இயந்திரன். அரசிதழில் பெயர் வந்த பதவி என்பதால் எல்லாரும் ஐயா என்றுதான் கூப்பிட வேண்டும். மார்கழிப் பனியில் வண்டி முதல் தடவை முரண்டு பிடித்தபோது பிலோமினா புகார் எழுதிக் கொடுத்தாள். ஐயா வந்தார். குளிரில் எஞ்சினைச் சூடாக்கும் நான்கு ஹீட்டர் பிளக்கில் இரண்டு செத்திருப்பதைக் கண்டுபிடித்து மாற்றினார். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாளிலிருந்துதான் வண்டி நிஜமாகவே படுத்துக்கொண்டது. ஐயா பேட்டரியை மாற்றினார். ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றினார். பிளக்குகளை இன்னொரு தடவை மாற்றினார். கடைசியில், 'ஓட்டுநர் சாவியைத் திருகும் முறையில் குறை' என்று எழுதிவிட்டுப் போனார்.

அதைப் படித்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினெட்டு வருடமாகத் திருகுகிற கை. யாருடைய உயிருக்காகத் திருகுகிறாள் என்பதாவது அந்த ஐயாவுக்குத் தெரியுமா? இனி இவர்களை நம்பிப் பயனில்லை என்று தானே பானெட்டைத் தூக்கினாள்.

சாவியைத் திருகினால் எஞ்சின் வேகமாகத்தான் சுற்றியது. அப்படியானால் பேட்டரியும் மோட்டாரும் நிரபராதிகள். டீசல் உள்ளே போய் எரியாமல் நின்றால் புகைக்குழாயில் வெள்ளைப் புகை வர வேண்டும். அங்கே ஒரு பொட்டுப் புகை இல்லை. டீசலே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஃபில்டர் மேல் இருந்த கைப்பம்பை முப்பது தடவை அழுத்திவிட்டுத் திருகினாள். வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. டீசல் குழாயில் காற்று ஏறியிருக்கிறது. மூன்று மாதமாக ஐயாவுக்குப் பிடிபடாததை ஒரு கட்டைவிரல் கால் மணி நேரத்தில் சொல்லிவிட்டது. அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. மறுநாளே கைப்பம்பின் பழைய ரப்பர் கிழிந்துபோயிற்று. புதிது வர ஒரு மாதம் ஆகுமாம்.

காற்று எந்த வழியாக ஏறுகிறது? எல்லா இணைப்பையும் துடைத்து, விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. அப்புறம்தான் ஒன்று உறைத்தது. திங்கட்கிழமைகளில் வண்டி ஒரே திருகில் எழுந்துவிடுகிறது. சென்ற திங்கள், அதற்கு முந்தின திங்கள், எல்லாத் திங்களும். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு என்ன நடக்கிறது? தினமும் போலக் காலையில் மல்லுக்கட்டி எழுப்பி ஓட்டுகிறாள், அதற்குப் பிறகு ஒன்றும் நடப்பதில்லை. அன்றைக்கு ஐயாவுக்கு மின்னேற்ற விடுப்பு.

செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு அவள் வண்டிக்கொட்டகையில் காத்திருந்தாள். பரிசோதகர் வந்தார். ஃபில்டரின் அடித்திருகையும் மேல்திருகையும் தளர்த்தினார். ஒரு கரண்டி டீசலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் காட்டி, 'நீர் கலப்பு இல்லை' என்று எழுதிக்கொண்டார். திருகுகளை மிகத் துல்லியமாக இறுக்கினார். ஒரு கரண்டி டீசல் போன இடத்தில் ஒரு கரண்டிக் காற்று உட்கார்ந்துகொண்டது.

"இத எத்தன நாளா பண்றீங்க, ஐயா?"

"புகார் பதிவான நாளிலிருந்து, ஞாயிறு நீங்கலாக. புகார் உள்ள வண்டியைப் புகார் தீரும்வரை தினமும் ஆய்வு செய்வது விதி."

"நீங்க தெறக்கிறதாலதான் காத்து ஏறுது. காத்து ஏறுனதாலதான் வண்டி எழும்ப மாட்டேங்குது. எழும்பலன்னுதான் நான் புகார் குடுக்குறேன். நீங்க கைய வைக்காம இருந்தாலே போதும், ஐயா."

பரிசோதகர் குப்பியைத் துடைத்து உள்ளே வைத்தார். "திறந்து பார்க்காமல், நலமாக இருக்கிறது என்று எப்படித் தெரியும், அம்மா?" என்று கேட்டார்.

பிலோமினா வீட்டுக்கு வந்தும் பொருமல் அடங்கவில்லை. சவரிமுத்துவிடம் அதையே நாலு தடவை சொன்னாள். நன்றாக இருக்கிற ஒன்றைத் தினமும் நோண்டி நோண்டி நோயாளி ஆக்குகிற புத்தியை யார் இந்த இயந்திரத்துக்குள் போட்டது என்று திட்டினாள். திட்டிக்கொண்டே நாடிமானியை எடுத்து அவர் நெஞ்சில் அழுத்தி எண்ணைப் பார்த்தாள். எழுபத்தொன்று. கொஞ்ச நாளாக அவர் காலையில் எழ முடியாமல் கிறுகிறுத்து, கட்டில் விளிம்பில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். அதனால் அவள் அதிகமாகவே பார்த்துக்கொண்டாள். சமைக்கும்போது ஒன்று, துணி மடிக்கும்போது ஒன்று, அவர் புரண்டு படுத்தால் ஒன்று.

புதன்கிழமை காலை வண்டியை எழுப்ப நாற்பது நிமிடம் ஆயிற்று. குழாயில் இருந்த காற்றெல்லாம் வெளியேறும்வரை ஓடவிட்டாள். பிறகு பானெட்டைச் சங்கிலியால் கட்டிப் பூட்டுப் போட்டாள். மாலை ஐந்து மணிக்கு அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பரிசோதகர் வந்து, சுற்றிப் பார்த்து, 'ஆய்வுக்கு இடையூறு, விசாரணைக்குரியது' என்று எழுதிக்கொண்டு போனார். எழுதட்டும் என்று அவள் அசையாமல் இருந்தாள்.

வியாழன் காலை ஏழு மணி. பக்கத்து இருக்கையில் சவரிமுத்து சிலுவை போட்டுக்கொண்டார். அவள் சாவியைத் திருகினாள். ஒரே திருகு. வண்டி எழுந்துவிட்டது. வழியெல்லாம் அவளுக்குக் கண் கலங்கியபடி இருந்தது, கோபமும் இருந்தது. எட்டுக்கு முன்பே வார்டில் கட்டில் கிடைத்தது.

ஈயச் சுவருக்குள் டாக்டர் நஸீமா இதயத்துணையின் பதிவுகளைத் திரையில் ஓடவிட்டார். காலைக் கிறுகிறுப்பைப் பற்றி பிலோமினா சொல்லச் சொல்ல, அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"நேத்து ஒரு நாள்ல அறுபத்திநாலு தடவ நாடிமானி வச்சிருக்கீங்க. ஒவ்வொரு தடவ அளக்கும்போதும் இது மின்னேத்தத்த கால் மணி நேரம் நிறுத்திட்டு உங்களுக்குப் பதில் சொல்லுது. ராவெல்லாம் உடம்புச் சூட்டுல ஏற வேண்டியது ஏறவே இல்ல. அதான் காலையில மனுஷன் எழும்ப முடியல. பம்புல ஒரு கொறையும் இல்லம்மா. நீங்க கைய வைக்காம இருந்தாலே போதும்."

பிலோமினாவுக்குச் சுருக்கென்று வந்தது. மூன்று வருடமாகக் கண்ணில் வைத்துக் காப்பாற்றுகிறவளிடம் பேசுகிற பேச்சா இது?

"வச்சுப் பாக்காம, நல்லா இருக்காருன்னு எனக்கு எப்படித் தெரியும், டாக்டர்?"

சொல்லி முடித்த பிறகுதான் அதை எங்கே கேட்டோம் என்று நினைவு வந்தது. அவள் பையிலிருந்து நாடிமானியை எடுத்து டாக்டரிடம் கொடுத்தாள். அவர் அதை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். வெளியே ஊர் முழுக்கச் சில்லுகள் ஒவ்வொன்றாக உறங்கிக்கொண்டிருந்தன. சவரிமுத்து கண்ணை மூடினார். அவள் பத்து நிமிடம் கைகளைக் கட்டிக்கொண்டு அவருடைய நெஞ்சையே பார்த்திருந்தாள். பிறகு எழுந்து மேசையருகே போனாள்.

"ஒரே ஒரு தடவ, டாக்டர். பாத்துட்டு ஒடனே தந்துடுறேன்."

சவரிமுத்து கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அந்த ஐயாவாவது ஞாயித்துக்கெழம லீவு எடுத்தாரு, பிலோ."